கிட் லாவீன் வால்காட்டை வென்றாரா, இல்லையா?

கோதாப்பித்தன்

லைட்வெயிட் (குறைந்த எடைப் பிரிவு) குத்துச்சண்டைச் சாம்பியன் ஜோ கான்ஸ் பற்றிய இழையில் இடதுகை நேற்று இப்படி எழுதியிருந்தார்: "கான்ஸுக்கு முன்னால் லைட்வெயிட்டில் சொல்லிக்கொள்ள ஆளே இல்லை. கிட் லாவீன் வெறும் காகிதச் சாம்பியன். வால்காட்டை வென்றது அவரில்லை, ஒப்பந்தத்தாள்." படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. அந்த இழையைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

கான்ஸுக்கு முன் லைட்வெயிட் பட்டம் வைத்திருந்த லாவீன் அமெரிக்காவின் மிச்சிகன்காரர், 1869இல் பிறந்தவர். மரம் அறுக்கும் ஆலைகளுக்குப் பேர்போன சாகினா வட்டாரத்திலிருந்து வந்ததால் 'சாகினா கிட்'. வெறுங்கைச் சண்டை போய்க் கையுறைச் சண்டை அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. எத்தனை சுற்று என்ற வரம்பே பல ஊர்களில் கிடையாது. 1889இல் ஜார்ஜ் சிடன்ஸுடன் 77 சுற்று, இரண்டே மாதத்துக்குள் அதே ஆளுடன் இன்னொரு 55 சுற்று. இரண்டும் டிரா. அப்போது அவருக்கு வயது 19. முதல் தோல்வி 1899இல்தான் வந்தது. 13 வருடம் தொழில் செய்து தோற்காதவரைக் காகிதச் சாம்பியன் என்கிறவர், 1895 டிசம்பர் 2 அன்று நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டின் மாஸ்பெத்தில் வால்காட்டுடன் என்ன நடந்தது என்று படித்துவிட்டு வரட்டும்.

இடதுகை

படித்துவிட்டுத்தான் எழுதினேன், ஐயா. நீங்கள் இவ்வளவு எழுதியும் ஒரு வரி மட்டும் காணோம். 15 சுற்றுக்குள் வால்காட் லாவீனை வீழ்த்த வேண்டும், வீழ்த்தாவிட்டால் வால்காட் தோற்றதாக அறிவிக்கப்படும். அதுதான் ஒப்பந்தம். லாவீன் காலூன்றி நின்றாலே போதும். நின்றார், கையைத் தூக்கிவிட்டார்கள். இதற்குப் பெயர் வெற்றியா?

கோதாப்பித்தன்

அந்த ஒப்பந்தத்துக்குத் தலையாட்டியது யார்? வால்காட்டின் மேலாளர் டாம் ஓ'ரூர்க். தன் ஆள் முன்னால் இந்த எடையில் எவனும் 15 சுற்று நிற்க மாட்டான் என்ற திமிர். அந்தத் திமிருக்குக் காரணமும் இருந்தது. பார்படாஸில் பிறந்த ஜோ வால்காட் ஐந்தடி ஓரங்குல உயரம்தான், ஆனால் தோளும் கழுத்தும் ஹெவிவெயிட்காரனுடையவை. 1900இல் ஹெவிவெயிட்காரர் ஜோ சோயின்ஸ்கியை ஏழாம் சுற்றில் முடித்தவர் இந்த வால்காட். அதே சோயின்ஸ்கிதான் அடுத்த வருடம் கால்வெஸ்டனில், பின்னாளில் ஹெவிவெயிட் உலகச் சாம்பியனான ஜாக் ஜான்சனையே நாக் அவுட் செய்தார். அப்படிப்பட்ட கையை 15 சுற்று வாங்கி நின்றவர் லாவீன்!

நின்றார் என்றா சொன்னேன்? தவறாகப் புரிந்துகொள்வீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன். நடுச்சுற்றுகளுக்குள் காது கிழிந்து ரத்தம் தோளில் வழிந்தது, முகம் வீங்கிக் கண் இடுங்கிப்போனது. பின்வாங்கி ஓடி நேரத்தைக் கடத்தியிருந்தாலே ஒப்பந்தப்படி அவருக்குப் போதும். அவர் ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைந்து வால்காட்டின் விலாவிலும் வயிற்றிலும் குத்திக்கொண்டே இருந்தார். கடைசிச் சுற்றுகளில் களைத்துத் தடுமாறியது வால்காட். துரத்தித் துரத்தி அடித்தது லாவீன். இதற்கும் ஒப்பந்தத்தாளுக்கும் என்ன சம்பந்தம்?

இடதுகை

15 சுற்றுக்குள் வீழ்த்தாவிட்டால் தோல்வி. இதுதான் சம்பந்தம்.

வேறொன்றும் சொல்கிறேன். வால்காட் லைட்வெயிட் எடைக்குத் தன்னை வற்றவைத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினக் குத்துச்சண்டைக்காரருக்குப் பெரிய சண்டை கிடைக்க வேண்டுமென்றால் இப்படிப்பட்ட நிபந்தனைகளை விழுங்கித்தான் ஆக வேண்டும். எடையும் உனக்குப் பாதகம், தீர்ப்பும் உனக்குப் பாதகம், அப்புறம் வந்து சண்டை போடு என்பது. இதைச் சொல்லாமல் லாவீனின் வீரத்தை மட்டும் பாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும்தான் வயிறு எரிகிறது.

தேனருவி

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தினால் நல்லது. எதை வெற்றி என்கிறீர்கள்? எதிரியை வீழ்த்துவதையா, நடுவர் கணக்கையா, ஒப்பந்தத்தில் எழுதியதையா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே.

கோதாப்பித்தன்

எடை, எடை என்கிறாரே இடதுகை, கான்ஸே 1904இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இதே வால்காட்டுடன் 20 சுற்று ஆடி டிராதான் வாங்கினார். லாவீன் ஜெயித்தார், கான்ஸ் டிரா செய்தார். காகிதச் சாம்பியன் யார்?

இடதுகை

1904 சண்டையில் வால்காட் யாரையும் 15 சுற்றுக்குள் வீழ்த்த வேண்டிய நிபந்தனை இருந்ததா? உடம்பை வற்றவைத்து லைட்வெயிட்டுக்கு இறங்கி வந்தாரா? 1901இலேயே ரூப் ஃபெர்ன்ஸை அடித்து, லைட்வெயிட்டுக்கு மேல் பிரிவான வெல்டர்வெயிட் உலகப் பட்டத்தைப் பிடித்தவர் அவர். கான்ஸ்தான் தன்னைவிடக் கனமான ஆளுடன் மோதப் போனார். உங்கள் ஆள் பாதி வற்றிய வால்காட்டுடன் மோதினார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே.

பழம்பஞ்சாங்கம்

லாவீனுக்குப் பட்டம் எப்படி வந்தது என்பதை இருவருமே தொடவில்லையே? முந்தைய சாம்பியன் ஜாக் மெக்காலிஃப் தோல்வியே காணாமல் ஒதுங்கிக்கொண்டதால் வந்தது. மெக்காலிஃப் இருக்கும்போது லாவீன் எங்கே போயிருந்தார்?

கோதாப்பித்தன்

எங்கேயும் போகவில்லை. மெக்காலிஃப் ஒதுங்கினார், லாவீன் லண்டனுக்கே கப்பலேறிப் போய்ப் பட்டத்தை எடுத்துவந்தார். 1896 ஜூன் 1, கோவென்ட் கார்டனில் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப். எதிரில் டிக் பர்ஜ், உள்ளூர்க்காரர், லாவீனைவிடப் பெரிய உடம்பு. 17ஆம் சுற்றில் பர்ஜ் முடிந்தார். சுற்றிலும் அந்த ஊர்க் கூட்டம்! எந்த ஒப்பந்தத்தாள் அங்கே காப்பாற்றியது, இடதுகை சொல்லட்டும்.

தோல்வியே காணாத மெக்காலிஃப் என்கிறீர்கள். 1887இல் மாசசூசெட்ஸின் ரிவியரில் ஜெம் கார்னியோடு 74 சுற்று ஆடினாரே, அது எப்படி முடிந்தது? மெக்காலிஃபின் ஆட்கள் ரிங்குக்குள் பாய்ந்தார்கள், டிரா என்று அறிவித்தார்கள். தோல்வியே இல்லாத கணக்கின் லட்சணம் அது.

பழம்பஞ்சாங்கம்

கார்னி சண்டையை எடுப்பீர்கள் என்று தெரியும். போன வருடம் பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜான் எல். சல்லிவன் இழையிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள். பேச்சு ஒரு ஆளைப் பற்றி இருக்கும், நீங்கள் இன்னொரு ஆள் தலையில் கல்லைப் போடுவீர்கள். அன்று கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இடதுகை

பர்ஜை விடுங்கள். நான் பேசியது வால்காட் சண்டை. 15 சுற்றுக்குள் வீழ்த்தாவிட்டால் தோல்வி.

கோதாப்பித்தன்

சரி, வால்காட்டுக்கே வருவோம். 1897 அக்டோபர் 29, சான் ஃபிரான்சிஸ்கோ. மறுபடி அதே இருவர். இந்த முறை வீழ்த்தாவிட்டால் தோல்வி என்ற பேச்சே இல்லை. 12 சுற்று முடிந்ததும் வால்காட்டின் மூலையிலிருந்தே போதும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவை மோதி இரண்டு தடவையும் வென்றவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

இடதுகை

ஏன் போதும் என்றார்கள் என்பதை விட்டுவிட்டீர்களே. கால் பிடித்துக்கொண்டது. எடையை இறக்க உடம்பைக் காயப்போட்டால் கால் பிடிக்காமல் என்ன செய்யும்?

கோதாப்பித்தன்

12 சுற்று விலாவில் அடி வாங்கினால் காலும் பிடிக்கும், மூச்சும் பிடிக்கும். கான்ஸுக்குக் கண் புருவம் கிழிந்ததும் 1900இல் அப்போதைய சாம்பியன் ஃபிராங்க் ஏர்னிடம் 12ஆம் சுற்றில் விலகினாரே, அதற்கு மட்டும் தலைமோதல், விபத்து என்று ஆயிரம் சமாதானம் எழுதுவீர்கள். காது கிழிந்தும் விலகாதவருக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. அதே வருடம் டிசம்பரில் சிகாகோவில் டெர்ரி மெக்கவர்ன் முன் இரண்டாம் சுற்றிலேயே கான்ஸ் விழுந்த கதையையும் இங்கே எடுக்கட்டுமா?

இடதுகை

எடுங்கள். பிழைப்புக்காக வேண்டுமென்றே விழ வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியது யார் என்பதையும் சேர்த்து எடுங்கள். 1902இல் ஃபோர்ட் ஈரியில் அதே ஏர்னை முதல் சுற்றிலேயே சாய்த்துப் பட்டம் வாங்கியவர் கான்ஸ். அந்த ஏர்னிடம் 20 சுற்று ஆடிப் பட்டத்தைப் பறிகொடுத்தவர் லாவீன். முடிந்தது கணக்கு.

தேனருவி

அந்த 1899 ஏர்ன் சண்டை நடந்தது பஃபலோவில், ஏர்னின் சொந்த ஊர். அதற்குள் லாவீனைக் குடி பாதி தின்றுவிட்டது. அந்த மார்ச்சிலேயே 'மிஸ்டீரியஸ்' பில்லி ஸ்மித் என்ற வெல்டர்வெயிட்டிடம் 14ஆம் சுற்றில் அடிவாங்கிக்கொண்டு நின்றபோது லாவீனின் அண்ணன்தான் சண்டையை நிறுத்தினார். அந்த லாவீனை வைத்து 1895 லாவீனை அளக்காதீர்கள்.

எனக்கு வேறொரு சண்டைதான் உறுத்துகிறது. 1894 டிசம்பர், நியூ ஆர்லியன்ஸ், ஆண்டி போவன். 110 சுற்று ஆடிய சாதனைக்காரர். 18ஆம் சுற்றில் லாவீன் அடித்ததில் விழுந்து, மெத்தை போடாத பலகைத் தரையில் தலை மோதி, மறுநாள் இறந்தார். லாவீனைக் கைது செய்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் அதே மனிதர் வால்காட் முன் போய் நிற்கிறார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்?

இடதுகை

மனதில் ஓடியதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

கோதாப்பித்தன்

நடுவர் தீர்ப்புச் சொல்லி 100 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏற்றுக்கொள்ளாதது நீங்கள் மட்டும்தான். தேனருவி, போவன் விஷயத்தில் பலகைத் தரையைப் போட்ட கிளப்பைத்தான் கேட்க வேண்டும், லாவீன் பெயரை அங்கே இழுக்காதீர்கள்.

தேனருவி

நான் இழுக்கவில்லை. கைது செய்தது நியூ ஆர்லியன்ஸ் போலீஸ்.

கோதாப்பித்தன்

குடி பாதி தின்றது என்று எழுதியதும் நீங்கள்தானே? பட்டம் போன பிறகு டெட்ராய்ட்டில் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து 1928இல் செத்துப்போன மனிதர். சர்வதேசக் குத்துச்சண்டைக் கௌரவக் கூடத்தில் கான்ஸை 1990இலேயே சேர்த்தார்கள், லாவீனுக்கு 1998 வரை இடமில்லை. ஏன் தெரியுமா? இடதுகை மாதிரி ஒவ்வொருவரும் அந்த ஒப்பந்த வரியைப் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் மறந்ததால்தான். கிரிஃபோவோடு 20 சுற்று டிரா செய்தாரே, யாராலும் தொட முடியாத சிட்னிக்காரர் யங் கிரிஃபோ, வால்காட் சண்டைக்கு ஏழே வாரம் முன்னால்! அதைப் பற்றி இங்கே யாராவது வாய் திறந்தீர்களா?

இடதுகை

அதுவும் டிராதான். நீங்கள் பெருமையாக எடுத்துப் போடுகிறவற்றில் பாதி டிரா, மீதி ஒப்பந்தம். வால்காட் 15 சுற்றுக்குள் வீழ்த்தாவிட்டால் தோல்வி என்ற நிபந்தனை இல்லாமலிருந்தால் மாஸ்பெத்தில் நடுவர் யார் கையைத் தூக்கியிருப்பார்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கோதாப்பித்தன்

லாவீன் கையை. கடைசிச் சுற்றுகளில் அடித்துக்கொண்டிருந்தது அவர்தான் என்று மேலேயே எழுதியிருக்கிறேன், மறுபடி படியுங்கள்.

இடதுகை

கடைசிச் சுற்றுகள் மட்டுமா சண்டை? காது கிழிந்த சுற்றுகளை எந்தக் கணக்கில் வைப்பது?

பழம்பஞ்சாங்கம்

சல்லிவன் இழையில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கிறேன், கோதாப்பித்தன். கார்னி சண்டை நின்றபோது நடந்தது 74ஆவது சுற்று. அதற்கு முந்தைய 73 சுற்றில் மெக்காலிஃப் வாங்கியதை மட்டும் எண்ணுகிறீர்களே, கொடுத்ததை எப்போது எண்ணுவீர்கள்?