வறண்ட கண்மாயில் கப்பல் மிதக்கிறது – பிளெண்டர், ரிசால்வ் தெரிந்தவர்கள் உதவுங்கள், அவசரம்

கரிசக்காடு – வியாழன், இரவு 11.48

வணக்கம். குறும்படம் ஒன்றை முடிக்கிற கட்டத்தில் இருக்கிறேன். கதைப்படி வறண்ட கண்மாய்க்கு நடுவில் பெரிய கப்பல் ஒன்று தரைதட்டி நிற்க வேண்டும். கரைமேல் நடந்துகொண்டே எடுத்த ஷாட். பிளெண்டர் என்ற 3டி சாப்ட்வேரில் டிராக் செய்து (கேமரா நகர்ந்த விதத்தைக் கணித்து) கப்பலை வைத்தேன். பிளெண்டருக்குள் பார்த்தால் ஆணி அடித்தது மாதிரி நிற்கிறது. ரிசால்வ் என்ற எடிட்டிங் சாப்ட்வேரில் கொண்டுவந்து வைத்தால் நகர்கிறது. சொட்டுத் தண்ணீர் இல்லாத கண்மாயில் கப்பல் மிதந்து போகிறது! நான்கு நாளாக இதே வேலை. காசு கொடுத்து சாப்ட்வேர் வாங்கும் நிலையில் இல்லை. ஞாயிறு இரவுக்குள் விழாவுக்கு அனுப்பியாக வேண்டும். ப்ளீஸ்.

டைம்லைன்_தம்பி – வியாழன், இரவு 11.55

எந்த போன்? என்ன பிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம்? ஷாட் எத்தனை விநாடி? பிளெண்டரில் சால்வ் எர்ரர், அதாவது டிராக்கின் பிழை அளவு, எவ்வளவு வந்தது? ரெண்டரை எந்த வடிவத்தில் எடுத்தீர்கள், வீடியோவா, படங்களின் வரிசையா? அப்புறம், கப்பல் நடுங்குகிறதா, மெதுவாக விலகிப் போகிறதா? இரண்டும் வேறு வேறு நோய்.

ரேம்_ராசா – வெள்ளி, அதிகாலை 12.03

எத்தனை ஜிபி ரேம்?

கரிசக்காடு – வெள்ளி, அதிகாலை 12.10

8 ஜிபி. 1650 கார்டு, 4 ஜிபி. சால்வ் எர்ரர் 0.4. சாதாரண ஆண்ட்ராய்டு போன், 4கே. பிஎன்ஜி படங்களின் வரிசையாகத்தான் ரெண்டர் செய்தேன். முதலில் சரியாக இருக்கிறது, போகப்போக விலகுகிறது.

ரேம்_ராசா – வெள்ளி, அதிகாலை 12.12

அதான் பார்த்தேன். ரிசால்வுக்கு 16 ஜிபி வேண்டும், அதிலுள்ள ஃபியூஷன் (எஃபெக்ட்ஸ்) பக்கம் போனால் 32 வேண்டும். 8 ஜிபியில் 4கே வைத்தால் இப்படித்தான் ஆகும். முதலில் ஒரு ரேம் குச்சி வாங்கிப் போடுங்கள்.

டைம்லைன்_தம்பி – வெள்ளி, அதிகாலை 12.20

ரேம் குறைந்தால் பிளேபேக் திணறும், சாப்ட்வேர் செத்து விழும். கப்பல் நகராது. எக்ஸ்போர்ட் செய்த ஃபைலிலும் நகர்கிறதா?

கரிசக்காடு – வெள்ளி, அதிகாலை 12.24

ஆமாம், எக்ஸ்போர்ட்டிலும் அப்படியே.

ரோலிங்_ஷட்டர் – வெள்ளி, காலை 7.15

போனில் ஸ்டெபிலைசேஷன் போட்டுத்தானே எடுத்தீர்கள்? குற்றவாளி அதுதான். எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் என்பது ஒவ்வொரு பிரேமையும் கொஞ்சம் வெட்டி, சாய்த்து, வளைத்து ஒட்டுகிற வேலை. லென்ஸ் ஒன்றுதான் என்று நம்பி டிராக்கர் கணக்குப் போடுகிறது. உங்கள் போனோ பிரேமுக்குப் பிரேம் லென்ஸையே மாற்றியது போலக் காட்டுகிறது. அடுத்த முறை அதை அணைத்துவிட்டு எடுங்கள். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், 2024 முதல் ஆண்ட்ராய்டுக்கும் இருக்கிறது. ஷட்டர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் பூட்டிவிடலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 50-ல் ஒன்று என்று வைத்தால் ட்யூப் லைட்டும் சிமிட்டாது.

ரோட்டோ_ராணி – வெள்ளி, காலை 8.02

ஸ்டெபிலைசேஷன் கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதுதான் காரணம் என்றால் கப்பல் பிளெண்டருக்குள்ளேயே வழுக்கியிருக்கும், 0.4 எர்ரரும் வந்திருக்காது. இங்கே டிராக் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சாமான் மாற்றும்போது ஏதோ உடைந்திருக்கிறது. தம்பி கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பிரேம் ரேட் என்ன?

நோடு_வாத்தியார் – வெள்ளி, காலை 9.40

இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு முறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பிரேம் ரேட்டைச் சொல்லாமல் மேட்ச்மூவ் (கேமரா நகர்வோடு 3டி பொருளைப் பொருத்துவது) சந்தேகம் கேட்பது, ஊர்ப் பெயரைச் சொல்லாமல் பஸ் டிக்கெட் கேட்பது மாதிரி. நான் வேலை கற்ற காலத்தில் பிளேட் (எஃபெக்ட் சேர்க்காத மூல ஷாட்) என்றால் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மவுஸையே தொட விடுவார்கள். இப்போது நாலு யூடியூப் வீடியோ பார்த்தவுடன் நேராகக் கப்பல். முறையாகக் கற்க ஆசை இருந்தால் நூக் என்ற எஃபெக்ட்ஸ் சாப்ட்வேரின் நான்-கமர்ஷியல் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஆரம்பியுங்கள்.

ரோட்டோ_ராணி – வெள்ளி, காலை 9.58

வாத்தியாரே, அந்தப் பதிப்பு 1920க்கு 1080-க்கு மேல் வெளியே விடாது, இவர் 4கேயில் எடுத்திருக்கிறார். பரிசுப் பணம் இருக்கிற விழாவுக்கு அனுப்பினால் அது கமர்ஷியலா இல்லையா என்று தனியாக ஒரு வழக்கு நடத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நூக் கற்றுக்கொள்வதை விட்டுவிடுவோம்.

கரிசக்காடு – வெள்ளி, மதியம் 1.30

மன்னிக்கவும் சார், வேலைக்குப் போயிருந்தேன். பிரேம் ரேட் 30தான். போன் செட்டிங்ஸில் அப்படித்தான் போட்டிருந்தது. ஷாட் 8 விநாடி.

சும்மா_சிவா – வெள்ளி, மதியம் 1.44

இவ்வளவு கஷ்டம் எதுக்கு ப்ரோ? ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கிராக் போட்டால் ஒரு பட்டன்ல 3டி டிராக் முடிஞ்சுது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

டைம்லைன்_தம்பி – வெள்ளி, மதியம் 1.59

என் அறைத் தோழன் ஒருவன் அப்படி ஒரு கிராக் போட்டான். மறுநாள் காலையில் ஹார்டு டிஸ்கில் இருந்த எல்லா ஃபைலுக்கும் பெயருக்குப் பின்னால் புது வால் முளைத்திருந்தது. மூன்று கல்யாண வீடியோ போச்சு. பெண் வீட்டாருக்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ரிசால்வின் இலவசப் பதிப்பே 4கே 60 பிரேம் வரைக்கும் எக்ஸ்போர்ட் தருகிறது, கலர், ஃபியூஷன், ஃபேர்லைட் (ஒலி) எல்லாம் உள்ளேயே இருக்கிறது. 3டி கேமரா டிராக்கர், மேஜிக் மாஸ்க், நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்றவற்றுக்குத்தான் ஸ்டூடியோ பதிப்பு, அதற்கு ஒரே முறை 295 டாலர். அந்த டிராக்கர் இல்லாத குறைக்குத்தான் பிளெண்டர்.

சும்மா_சிவா – வெள்ளி, மதியம் 2.05

பிளெண்டர் எல்லாம் காலேஜ் பசங்க விளையாடறது. எந்தப் பெரிய படம் அதில் வந்திருக்கு?

ரோட்டோ_ராணி – வெள்ளி, மதியம் 2.31

ஃப்ளோ. லாட்வியா படம். முழுக்க பிளெண்டர், அதற்குள்ளேயே இருக்கும் ஈவீ ரெண்டர். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அதே பிளெண்டரைத்தான் இந்தத் தம்பி எட்டு ஜிபியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

ரேம்_ராசா – வெள்ளி, மதியம் 2.33

எட்டு ஜிபி பத்தாது என்றுதானே நானும் சொல்கிறேன்.

தெர்மாகோல் – வெள்ளி, மாலை 4.10

கம்ப்யூட்டரே எதற்கு? இரண்டடியில் தெர்மாகோல் கப்பல் செய்து, பெயின்ட் அடித்து, கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தால் தூரத்துக் கண்மாயில் நிற்பது போலவே இருந்திருக்கும். 1957-ல் மாயாபஜாருக்காக 50க்கு 60 அடி இடத்தில் 300 குட்டி வீடுகளை அடுக்கித் துவாரகையையே கட்டினார்கள். மார்க்கஸ் பார்ட்லி கேமரா. அன்றைக்கு எந்த சாப்ட்வேர் இருந்தது?

ரோலிங்_ஷட்டர் – வெள்ளி, மாலை 4.26

ஐயா, அவர் நடந்துகொண்டே எடுத்திருக்கிறார். இரண்டடிப் பொம்மை பக்கத்தில், கண்மாய் அரைக் கிலோமீட்டர் தள்ளி. நாலு எட்டு வைத்தால் போதும், பொம்மை பின்னால் ஓடும், கண்மாய் அங்கேயே நிற்கும். அந்த வித்தைக்குக் கேமரா ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதிகபட்சம் லென்ஸை மையமாக வைத்துத் திரும்பலாம்.

தெர்மாகோல் – வெள்ளி, மாலை 4.40

அப்படியானால் ஏன் நடக்க வேண்டும்? நின்று எடுத்திருக்கலாமே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேமராவை ஒரு இடத்தில் வைக்கத் தெரியவில்லை. நாங்கள் மாஸ்க் ஷாட் (பாதியை மறைத்து இருமுறை எடுப்பது) எடுக்க ஒரு நாள் முழுக்க ட்ரைபாடைத் தொடாமல்

தெர்மாகோல் – வெள்ளி, மாலை 4.41

தவறி அழுத்திவிட்டேன். தொடாமல் காவல் இருந்தோம் என்று சொல்ல வந்தேன்.

டைம்லைன்_தம்பி – வெள்ளி, இரவு 9.15

கரிசக்காடு, ஒன்றே ஒன்று. பிஎன்ஜி வரிசையை ரிசால்வில் வைத்தபோது அதன் நீளமும் ஒரிஜினல் வீடியோவின் நீளமும் ஒன்றாக இருந்தனவா?

கரிசக்காடு – வெள்ளி, இரவு 10.02

கப்பல் கிளிப் கடைசியில் ஒரு இரண்டு விநாடி நீட்டிக்கொண்டு நின்றது. வெட்டிவிட்டேன். அது பிரச்சினை இல்லை, விலகல் முன்னாடியே ஆரம்பித்துவிடுகிறது.

டைம்லைன்_தம்பி – வெள்ளி, இரவு 10.09

நீங்கள் வெட்டிப் போட்ட அந்த இரண்டு விநாடியில்தான் விடை இருக்கிறது!

8 விநாடி, 30 பிரேம் என்றால் 240 படம். ரிசால்வில் உங்கள் புராஜெக்ட் 24-ல் இருக்கிறது, பந்தயம் கட்டுகிறேன். படங்களின் வரிசைக்கு என்று சொந்தமாக வேகம் கிடையாது. ரிசால்வ் அதைப் புராஜெக்டின் வேகத்துக்கே எடுத்துக்கொள்ளும். 240-ஐ 24-ஆல் வகுத்தால் 10 விநாடி. வீடியோ ஃபைலுக்குத் தன் வேகம் தெரியும், அதனால் அது 8 விநாடியிலேயே ஓடி முடிகிறது. கண்மாய் நிஜ வேகத்தில் போகிறது, கப்பல் அதைவிட மெதுவாக வருகிறது. முதல் விநாடி முடியும்போது கப்பல் 6 பிரேம் பின்தங்கும், நான்காவது விநாடியில் 24 பிரேம். அதனால்தான் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுகிறது. பிளெண்டர் வேகத்தைப் பார்ப்பதில்லை, படத்துக்குப் படம் வைக்கிறது, அதனால் அங்கே ஆணி அடித்தது போல நின்றது.

மீடியா பூலில் அந்த பிஎன்ஜி கிளிப் மேல் ரைட் கிளிக், கிளிப் ஆட்ரிபியூட்ஸ், வீடியோ பிரேம் ரேட் 30. பிறகு டைம்லைனில் இருப்பதை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

கரிசக்காடு – வெள்ளி, இரவு 10.15

ஐயோ. ஆமாம், 24தான். முதல் கிளிப்பை இழுத்துப் போட்டபோது பிரேம் ரேட்டை மாற்றவா என்று கேட்டது. சினிமா என்றால் 24தானே என்று வேண்டாம் அழுத்தினேன்.

நோடு_வாத்தியார் – வெள்ளி, இரவு 10.20

நான் காலையிலேயே சொன்னேன்.

ரோட்டோ_ராணி – வெள்ளி, இரவு 10.22

டிக்கெட் உதாரணம் சொன்னீர்கள் வாத்தியாரே, பஸ் எதுவென்று சொல்லவில்லை.

கரிசக்காடு – சனி, அதிகாலை 1.10

30 என்று மாற்றினேன். 90 சதவீதம் சரியாகிவிட்டது! ஆனால் கடைசி இரண்டு விநாடியில் கப்பல் இன்னும் லேசாக வழுக்குகிறது. மூன்று நான்கு பிரேம் இருக்கும். இரண்டு ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறேன்.

நிழல்_எங்கே – சனி, காலை 6.50

ஸ்கிரீன்ஷாட் பார்த்தேன். வழுக்குவது இருக்கட்டும், கப்பலுக்கு நிழலே இல்லையே? கருவேல மரத்துக்கெல்லாம் கிழக்குப் பக்கம் நீளமாக நிழல் விழுகிறது, அவ்வளவு பெரிய கப்பல் மட்டும் வெள்ளைத் தாளில் ஒட்டினது மாதிரி நிற்கிறது. தரைக்கு ஒரு பிளேன் வைத்து பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் ஷேடோ கேட்சர் (நிழலை மட்டும் காட்டும் தரை) போடுங்கள். சூரிய லைட்டை மரத்து நிழலின் கோணத்துக்குத் திருப்புங்கள். அடிப்பாகத்தைக் கொஞ்சம் மண்ணுக்குள் இறக்குங்கள், இவ்வளவு கனமான சாமான் களிமண்ணில் புதையாமல் நிற்குமா?

ரோட்டோ_ராணி – சனி, காலை 8.30

மிச்சம் இருக்கிற வழுக்கல் போனின் வேலை. 30 என்று போன் சொல்வது பேச்சுக்குத்தான். வெளிச்சம், சூடு எல்லாம் பார்த்து 29 சொச்சத்துக்கும் 30-க்கும் நடுவே ஏறி இறங்கும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள், பிரேம் ரேட் மோடு என்ற இடத்தில் வேரியபிள் என்றிருக்கும். ரிசால்வ் நேரத்தைப் பார்த்து ஓட்டுகிறது, பிளெண்டர் படங்களை எண்ணி ஓட்டுகிறது. இடைவெளி ஒரே சீராக இல்லாதபோது இரண்டு கணக்கும் பிரியத்தானே செய்யும்?

இரண்டு வழி. ஷட்டர் என்கோடர் அல்லது ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் போட்டு கான்ஸ்டன்ட் (மாறாத) பிரேம் ரேட் 30 ஆக்கி, அந்த ஃபைலையே இரண்டு சாப்ட்வேரிலும் பயன்படுத்தலாம். இல்லையென்றால் ஸ்டூடியோக்களில் செய்கிற வழி: முதலில் எடிட்டைப் பூட்டுங்கள். அந்த ஒரு ஷாட்டை மட்டும் ரிசால்விலிருந்து டிஃப் படங்களின் வரிசையாக, புராஜெக்டின் 24-லேயே வெளியே எடுங்கள். 192 படம் வரும். பிளெண்டர் சீனையும் 24 ஆக்கி அதன்மேல் டிராக் செய்து, அதே 192 படமாகத் திருப்பிக் கொடுங்கள். போனது எத்தனையோ வந்தது அத்தனை. எங்களுக்கு வரும் ரோட்டோ வேலை (உருவத்தைப் பிரேம் பிரேமாக வெட்டியெடுப்பது) எல்லாமே இப்படி எண்ணித்தான் வரும், எண்ணித்தான் போகும். ஒரு பிரேம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கரிசக்காடு – சனி, காலை 8.41

அக்கா, அப்படியென்றால் மறுபடி டிராக் செய்யணுமா?

ரோட்டோ_ராணி – சனி, காலை 8.43

ஆமாம் தம்பி. கப்பலும் லைட்டும் இருக்கிறதல்லவா, டிராக் மட்டும்தான் புதிது. டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ரோலிங்_ஷட்டர் – சனி, காலை 9.20

30-ல் எடுத்ததை 24-ல் வைத்தால் ஐந்து பிரேமுக்கு ஒன்று காணாமல் போகும். நடக்கிற ஷாட்டில் அது குதிப்பது கண்ணுக்குத் தெரியும். முழுப் படத்தையும் 30-லேயே வைத்திருக்கலாம்.

தெர்மாகோல் – சனி, காலை 9.31

30 வைத்தால் சீரியல் மாதிரி இருக்கும். சினிமா என்றால் 24.

ரோலிங்_ஷட்டர் – சனி, காலை 9.33

அப்படியென்றால் எடுக்கும்போதே 24 வைத்திருக்க வேண்டும். பிறகு எடிட்டில் நசுக்கினால் சினிமா ஆகிவிடாது. அதுவும் 50 ஹெர்ட்ஸ் ஊரில் 25தான் நல்லது.

தெர்மாகோல் – சனி, காலை 9.52

25 டிவிக்காரன் கணக்கு.

டைம்லைன்_தம்பி – சனி, காலை 10.05

இதற்குத் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். கரிசக்காடு, கிளிப் உள்ளே வந்த பிறகு புராஜெக்டின் பிரேம் ரேட்டை மாற்ற ரிசால்வ் விடாது. இந்த நேரத்தில் புது புராஜெக்ட் தொடங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். 24-லேயே முடியுங்கள், ராணியக்கா சொன்ன இரண்டாவது வழி.

நிழல்_எங்கே – சனி, இரவு 7.18

நிழல்?

கரிசக்காடு – ஞாயிறு, இரவு 11.37

நின்றுவிட்டது. அனுப்பிவிட்டேன், 20 நிமிடம் இருக்கும்போது. நிழல் போட்டேன், அடிப்பாகம் புதைக்க நேரமில்லை, அந்த இடத்தில் ஒரு கருவேலஞ்செடியை வைத்து மறைத்தேன். எல்லாருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

டைம்லைன்_தம்பி – திங்கள், காலை 8.12

மகிழ்ச்சி! எந்த வழியில் சரியானது, கான்ஸ்டன்டாக மாற்றியா, 192 படமா? பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும், ஒரு வரி போடுங்கள்.

ரேம்_ராசா – புதன், மாலை 6.40

கடைசியில் எத்தனை ஜிபி போட்டார்?