வீட்டில் படிக்கும் பிள்ளை பள்ளி டீமில் ஆடலாமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஓட்டக்காரன் அம்மா (டெக்சாஸ்)

டெபோ சட்டம் (வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பொதுப் பள்ளி டீமில் ஆட விடும் சட்டம், வீட்டிலேயே படித்த அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் டிம் டெபோ பெயரில்) பற்றி மறுபடி பேச்சு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை, இங்கே கொட்டிவிடுகிறேன். பையன் ஏழாவதிலிருந்து ஹோம்ஸ்கூல். ஏன் என்று ஆரம்பிக்காதீர்கள், அது தனிக் கதை. கிராஸ் கன்ட்ரி, அதாவது புல்வெளி, மண்பாதையில் நீண்ட தூர ஓட்டம், ஓடுவான். கோடையில் பக்கத்து ஹைஸ்கூல் பிள்ளைகள் விடிகாலையில் பூங்காவில் ஓடும்போது இவனும் சேர்ந்து ஓடினான். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆகஸ்டில் டைம் டிரையல் வைத்தார்கள், நான்காவதாக வந்தான்.

கோச் ஸ்டாப்வாட்சை அவன் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார், தோளில் தட்டினார். கிளிப்போர்டில் பெயர், வகுப்பு என்று எழுதிக்கொண்டே வந்தவர், "ஸ்டூடன்ட் ஐடி?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த மனுஷர் கோபப்படவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. எழுதிய வரியின் மேல் ஒரு கோடு போட்டார், ஸ்கேல் வைத்த மாதிரி நேராக. அப்புறம் அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

2021-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் அப்போது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) விரும்பினால்தான். எங்களுடையது விரும்பவில்லை. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு டிஸ்ட்ரிக்ட், அங்கே அனுமதி உண்டு. ஆனால் நம் வீடு எந்த ஸ்கூல் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் ஆட முடியும் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. ஸ்கூல் டாக்ஸ் மட்டும் வருஷம் தவறாமல் கட்டுகிறோம்.

வாலிபால் அப்பா (டெக்சாஸ்)

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் டிஸ்ட்ரிக்ட் சட்டம் வந்ததும் சரி சொன்ன டிஸ்ட்ரிக்ட். அதனால் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டேன்.

என் மகளுக்கு கெமிஸ்ட்ரியில் 68. உங்களுக்கே தெரியும், 70-க்குக் கீழே போனால் மூன்று வாரம் மேட்ச் கிடையாது. 1984-இல் வந்த விதி. பிராக்டிஸ் பண்ணலாம், ஆட முடியாது. அந்த மூன்று வாரமும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பெஞ்ச் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுத்தாள். அவள் இடத்தில் இறங்கியது ஒரு ஹோம்ஸ்கூல் பெண். டைம் அவுட்டில் அந்தப் பெண் ஓடி வந்து என் மகள் கையிலிருந்தே பாட்டிலை வாங்கி, பெயர் சொல்லி தேங்க்ஸ் சொன்னாள். நல்ல பெண், நன்றாகவும் ஆடினாள். அதனாலேயே எரிச்சல் இன்னும் போகவில்லை.

அவளுடைய கெமிஸ்ட்ரி மார்க்கைப் போட்டது யார்? அவள் அம்மா. ஆரம்பத்தில் ஒரு பொதுத் தகுதித் தேர்வு எழுத வேண்டும், சரி. அதற்குப் பிறகு எல்லாப் பாடத்திலும் பாஸ் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. எந்த அம்மா தன் பிள்ளைக்கு 68 போடுவாள்? டாக்ஸ் கணக்கையும் பேசிவிடுவோம். டெக்சாஸில் ஸ்கூலுக்கு அரசுப் பணம் வருவது தினசரி வருகைப் பதிவை வைத்துத்தான். வகுப்பில் உட்காராத பிள்ளைக்கு அந்தப் பணம் வராது.

பழைய கபடிக்காரன் (ஃபுளோரிடா)

வாலிபால் அப்பா சொல்கிற பயம் எங்கள் மாநிலத்துக்குப் புதிதில்லை. இங்கே 1996-இலிருந்தே அனுமதி இருக்கிறது. நான் ஒரு ஹைஸ்கூல் டீமுக்கு வாலன்டியராக உதவிக்குப் போகிறவன்.

ரிப்போர்ட் கார்டு வந்த அதே வாரத்தில் ஒரு அப்பா மைதானத்துக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு கடிதம். பையனை ஸ்கூலிலிருந்து எடுத்தாயிற்று, இனி வீட்டில் படிக்கிறான், சூப்பரின்டென்டென்டுக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை மேட்சில் இறக்குங்கள் என்றார். பையன் அவருக்குப் பின்னால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே நின்றான். எங்கள் கோச் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு, பத்திரமாக மடித்து, திருப்பிக் கொடுத்தார். இந்த வித்தை பலிக்காது. ஸ்கூலில் மார்க் போதாமல் தகுதி இழந்தவன், வீட்டுக் கல்வியில் ஒரு முழு கிரேடிங் பீரியட் ஒழுங்காக முடித்தால்தான் மறுபடி ஆட வரலாம். டெக்சாஸிலும் பாதியில் ஸ்கூலை விட்டவன் அந்த வருஷம் முழுக்க ஆட முடியாது என்றுதானே வைத்திருக்கிறார்கள்? ஓட்டை தெரிந்தால் அடைக்க வேண்டும், கதவையே பூட்டுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. எல்லோரும் டெபோ டெபோ என்கிறீர்கள். அவர் ஜாக்சன்வில் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். பக்கத்து கவுன்டியில் இருந்த நீஸ் ஹைஸ்கூலில் குவார்ட்டர்பேக் ஆடுவதற்காக அம்மாவுடன் அங்கே ஓர் அபார்ட்மென்டுக்கே குடிபோனார். 2007-இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையும் வாங்கினார். ஆனால் எங்களிடம் வருகிற ஹோம்ஸ்கூல் பிள்ளைகளில் பாதிப் பேர் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். ஹைஸ்மன் கோப்பையை வைத்துக்கொண்டு இந்தச் சண்டையைப் போடாதீர்கள்.

பனிக்கால அம்மா (நியூயார்க்)

எங்களுக்கு இந்தச் சண்டை போடும் கொடுப்பினைகூட இல்லை. நியூயார்க்கில் பொதுப் பள்ளியில் முறையாகச் சேர்ந்திருந்தால்தான் டீம். என் தங்கை பென்சில்வேனியாவில் இருக்கிறாள், காரில் கொஞ்ச தூரம். அங்கே 2006-இலிருந்து டிஸ்ட்ரிக்ட் மறுக்கவே முடியாது. அவள் மகளும் ஹோம்ஸ்கூல், என் மகளும் ஹோம்ஸ்கூல், இருவரும் நீச்சல்.

தங்கை மகளின் மீட் பார்க்கப் போனோம். 500 யார்டு ஃப்ரீஸ்டைலில் எத்தனையாவது சுற்று என்று தெரிய, குளத்தின் மறுமுனையில் ஒருவர் எண் பலகையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காட்ட வேண்டும் இல்லையா, அன்றைக்கு ஆள் குறைந்ததால் என் மகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். முட்டி போட்டு உட்கார்ந்து கடைசிவரை பிடித்தாள், முழங்கை வரை நனைந்துவிட்டது. வீடு திரும்பும்போது, "அவளை விட நான் வேகம்மா" என்றாள். உண்மைதான், வேகம்தான்.

கலிஃபோர்னியா சித்தப்பா

என் அனுபவம் சின்னது. இங்கேயும் வீட்டில் படிக்கிற பிள்ளைக்குப் பொதுப் பள்ளி டீமில் இடமில்லை, கேட்டோம், இல்லை என்றார்கள், கிளப்பில் சேர்த்தோம். ஆனால் மேலே எழுதியவர்கள் எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள்.

ஒன்பதாவதிலிருந்தே ரெக்கார்டு வையுங்கள். டிவிஷன் ஒன், அதாவது மேல்மட்டக் கல்லூரி டீமில் ஆட வேண்டுமானால் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) 16 கோர் கோர்ஸ், அதாவது முக்கியப் பாடங்கள், கேட்கும், அதில் பத்து பன்னிரண்டாவது தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஹோம்ஸ்கூல் என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன புத்தகம், எப்படி மதிப்பிட்டீர்கள் என்று தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும். கடைசி வருஷம் உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுதினால் தலை சுற்றும். ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்கே தனி டீம்களும் உண்டு. மிசௌரி ஸ்பிரிங்ஃபீல்டில் வருஷாவருஷம் தேசிய அளவில் பாஸ்கெட்பால் போட்டியே நடக்கிறது. ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் கிளப் போதும், நேரம்தான் பேசும். அமெரிக்கன் ஃபுட்பாலுக்குத்தான் ஸ்கூலை விட்டால் கதியில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாராவது உசுப்பினால் காது கொடுக்காதீர்கள், விளையாட்டு உரிமையில்லை, சலுகை என்றே தீர்ப்புகள் பெரும்பாலும் வந்திருக்கின்றன. காயம் பட்டால் இன்ஷூரன்ஸ் யாருடையது என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். ஷூவை அடிக்கடி மாற்றுங்கள். இரும்புச் சத்து டெஸ்ட் எடுங்கள், நம் சைவப் பிள்ளைகளுக்குக் குறையலாம்.

ஓட்டக்காரன் அம்மா (டெக்சாஸ்)

சித்தப்பா, நன்றி. ஆனால் அவனுக்குக் கல்லூரியில் ஓடும் ஆசையெல்லாம் இல்லை. அந்தப் பையன்களோடு மஞ்சள் பஸ்ஸில் போக வேண்டும், அவ்வளவுதான். கிளப்பில் பஸ் கிடையாது, நான்தான் டிரைவர்.

வாலிபால் அப்பா, போன மாதம் அல்ஜீப்ராவில் அவனுக்கு 61 போட்டிருக்கிறேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, வந்து பாருங்கள்.

ரிச்மண்ட்காரி (வர்ஜீனியா)

சட்டசபை வரை போனவள் நான். 2015, 2016, 2017, மூன்று வருஷமும் மசோதா நிறைவேறியது, மூன்று வருஷமும் கவர்னர் மெக்காலிஃப் வீட்டோ. வாலிபால் அப்பா சொன்ன அதே காரணம்தான்: மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கும் படிப்பு நிபந்தனை இவர்களுக்கு இல்லை என்று. கமிட்டி அறைக்கு வெளியே பிள்ளைகள் கோட்டும் டையுமாகக் காத்திருந்தார்கள். ஒருவன் டையைக் கழற்றிப் பந்தாகச் சுருட்டி, குப்பைத் தொட்டியைக் கூடையாக வைத்து எறிந்துகொண்டிருந்தான். ஒன்றுகூடத் தவறவில்லை.

எட்டாவது ஆள் (டெக்சாஸ்)

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். கிராஸ் கன்ட்ரி வார்சிட்டியில் (ஸ்கூலின் முதல் டீம்) ஏழு பேர் ஓடுவார்கள், முதல் ஐந்து பேருக்குப் புள்ளி. என் மகன் இரண்டு வருஷம் ஏழாவது ஆள். புள்ளிக்கு வரமாட்டான், ஆனால் டீமில் இருந்தான். வெளியிலிருந்து ஒரு பையன் வந்தான், ஹோம்ஸ்கூல். என் மகன் ஜேவிக்கு, அதாவது இரண்டாம் டீமுக்கு, இறங்கினான். வார்சிட்டி ஜெர்சியைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். என் மனைவி அதை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

இதில் அநியாயம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்து டவுனிலிருந்து குடிமாறி வந்த பையனாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஆனால் அந்தப் பையன் என் மகனோடு காலை ஏழரைக்குப் பஸ் ஏறுவதில்லை, பரீட்சை வாரத்தில் தூக்கம் கெட்டு ஓடுவதில்லை. மூன்றரைக்கு வந்து ஐந்தரைக்குப் போய்விடுவான். இதை எங்கே போய்ச் சொல்வது?

ஓட்டக்காரன் அம்மா (டெக்சாஸ்)

தம்பி, என் பையன் கிட்டே சொல்லுங்கள், ஏழரை பஸ்ஸில் ஏறத் தயாராக இருக்கிறான்.

வாலிபால் அப்பா (டெக்சாஸ்)

அக்கா, 61 என்றால் அவனும் மூன்று வாரம் பெஞ்சுதான், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், 2025-இல் சட்டத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இப்போது அனுமதிதான் பொது விதி, வேண்டாம் என்றால் டிஸ்ட்ரிக்டின் ஸ்கூல் போர்டு ஓட்டெடுத்துத் தீர்மானம் போட வேண்டும். உங்கள் டிஸ்ட்ரிக்ட் போட்டதா?

ஓட்டக்காரன் அம்மா (டெக்சாஸ்)

போட்டது. நான் அந்த மீட்டிங்கில்தான் இருந்தேன். அதற்கு முன் அரை மணி நேரம் புது ஸ்கோர்போர்டு வாங்குவது பற்றிப் பேசினார்கள்.