6 அடி மீன்தொட்டியை சாட்ஸ்வர்த்திலிருந்து லெனேசியாவுக்குக் கொண்டுபோக வேண்டும், உடையாமல் எப்படி?

சாட்ஸ்வர்த் பையன்

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி ஜூலை கடைசியில் குடும்பத்தோடு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சாட்ஸ்வர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கமுள்ள லெனேசியாவுக்குக் குடிபோகிறோம். மற்ற சாமான்களைப் பற்றிக் கவலை இல்லை, அப்பாவின் மீன்தொட்டியை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 12 மில்லிமீட்டர் கண்ணாடி. 18 வருடத்துக்கு முன்னால் அவரே கண்ணாடி வெட்டி வாங்கிவந்து கராஜில் வைத்து ஒட்டியது. அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது, அம்மா இன்னும் தினமும் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார். அதனால் விற்றுவிட்டுப் போகலாம் என்ற பேச்சே வீட்டில் இல்லை.

போன முறை வீடு மாறினபோது ஒரு 3 அடித் தொட்டியை லாரிக்காரர்களிடம் விட்டோம், இறக்கும்போது அடிக்கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல். இத்தனைக்கும் தெருவுக்குத் தெரு மாறினதுதான், இப்போது டர்பனிலிருந்து 570 கிலோமீட்டர். படுக்கவைத்து ஏற்றலாமா? ஆடாமல் இருக்க அடியில் கொஞ்சம் தண்ணீரும் கல்லும் விட்டுவைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், சரியா? உள்ளே ஒரு ஜோடி ஆஸ்கர் மீன், ஒரு பெரிய பிளெக்கோ (கெளுத்தி வகை மீன்), அவற்றை எப்படிக் கொண்டுபோவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கடை அண்ணா

தம்பி, முதலில் அந்தத் தண்ணீர் யோசனையை விட்டுவிடு. உன் தொட்டியில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால்கூட 56 லிட்டர், அதாவது 56 கிலோ. பிரேக் போடும்போது அத்தனையும் ஒரு பக்கமாக ஓடிப்போய் அந்தக் கண்ணாடியில் மோதும். கல் அதைவிட மோசம், குலுங்கிக் குலுங்கி ஒரே இடத்தில் குத்திக்கொண்டே வரும். கல், கட்டை, ஹீட்டர், குழாய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் தொட்டியைத் தொடவே வேண்டும்.

வேகத்தினால் கண்ணாடி உடைவது குறைவு. அடிப்பாகம் சமமாக உட்காராமல் ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் முறுக்கும், அல்லது அடியில் ஒரு ஆணித்தலை, ஒரு சின்னக் கல் இருந்தால் முழு எடையும் அந்தப் புள்ளியில் இறங்கும், இந்த இரண்டில்தான் பெரும்பாலும் போகும். உன் பழைய தொட்டிக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூலைக்கு மூலை விரிசல் என்றால் எனக்கு முதலில் முறுக்கல்தான் ஞாபகம் வரும்.

12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. உன் அளவுக்குக் கணக்குப் போட்டால் கண்ணாடி மட்டும் 120 கிலோவைத் தாண்டும், மேலே குறுக்குப்பட்டைகள் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நாலு பேர் தூக்கலாம், ஆனால் ஆறு பேரைக் கூப்பிடு, வாசலில் திரும்பும்போது ஒருவர் கை வழுக்கினால் மற்றவர்கள் தாங்கவேண்டும். மேல் பட்டையைப் பிடித்துத் தூக்க யாரையும் விடாதே, அந்தப் பட்டை எடையைத் தாங்க ஒட்டியது இல்லை, தண்ணீர் தள்ளும்போது நீளக் கண்ணாடிகள் வெளியே வளையாமல் இழுத்துப் பிடிக்கத்தான். கையை அடியில் கொடுத்துத்தான் தூக்கவேண்டும். தூசியோ ஈரமோ இருந்தால் சக்‌ஷன் கப் எப்போது விடும் என்று சொல்லமுடியாது, அதை மட்டும் நம்பாதே.

நான் செய்வது இப்படி. தொட்டியைவிட நாலு பக்கமும் ஒரு சாண் பெரியதாக 18 அல்லது 21 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, அதன்மேல் 25 மில்லிமீட்டர் தெர்மோகோல் (கடையில் பாலிஸ்டைரீன் என்று கேள்), அதன்மேல் தொட்டி. தொட்டியைச் சுற்றி பலகையில் மரச்சட்டம் அடித்து இடைவெளியில் பழைய கம்பளியைத் திணித்துவிட்டால் நகராது. அதற்கப்புறம் வண்டியில் ஏற்றுவது, இறக்குவது எல்லாம் பலகையோடுதான். பெல்ட்டைக் கண்ணாடியின் மேல்விளிம்பில் போட்டு இறுக்கவே கூடாது, பலகையை வண்டியோடு சேர்த்துக் கட்டு. எப்போதும் நிமிர்த்தியே வை, படுக்கவைத்தால் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசைக்குப் பழக்கமில்லாத பக்கத்தில் எடை விழும். நீளவாட்டம் வண்டியின் நீளத்தோடு இருக்கட்டும், டிரைவர் கேபினை ஒட்டி வை, பின்சக்கரத்துக்குப் பின்னால்தான் தூக்கிப்போடுவது அதிகம். தொட்டிக்குள் தலையணை, துணிமூட்டை என்று எதையும் திணித்துவிடாதே, வீட்டுப் பெண்கள் ஆசைப்படுவார்கள்.

டபுள் கேப் பக்கியில் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள பிக்கப் வண்டி) உன் தொட்டி அடங்காது. ஒரே வரிசை இருக்கையுள்ள சிங்கிள் கேப் பக்கியில் அடங்கும், ஆனாலும் ஜூலைக் குளிர்காற்றில் திறந்த வண்டி வேண்டாம், மூடின லாரியே வாடகைக்கு எடு.

மாரிட்ஸ்பர்க் கோவிந்தன்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே தம்பி. பயணத்தைவிட 18 வருட சிலிக்கான்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் பழைய தொட்டி ஒன்று வண்டியில் அழகாக வந்து சேர்ந்தது, அன்றைக்கே நிரப்பி மீனையும் விட்டுவிட்டேன், மூன்றாம் நாள் ராத்திரி மூலை விட்டு வீடெல்லாம் தண்ணீர். கார்ப்பெட், சோபா, மீன் எல்லாம் போனது. உன் அப்பா ஞாபகம் என்றால் தொட்டியைக் கொண்டுபோ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மீனுக்குப் புதுத் தொட்டி வாங்கு, இதில் அம்மா செடி வளர்க்கட்டும்.

லெனேசியா அக்கா

வாங்க தம்பி, நம்ம பக்கம்தான். நான் 2019இல் டர்பனிலிருந்து இங்கே வந்தேன், 4 அடித் தொட்டியும் மீன்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மீன் விஷயத்தை நான் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், பட்டினியால் ஒன்றும் ஆகாது, வழியில் தண்ணீர் கெடாமல் இருக்கும். ஆஸ்கருக்குத் தனித்தனியாக மூடியுள்ள பெரிய வாளி, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். பிளெக்கோவைப் பையில் போடவே போடாதீர்கள், அதன் முள் பையைக் கிழித்துவிடும். சின்ன மீன்களை எல்லோரும் பையில் கொண்டுவருகிறார்கள், அதில் நம் பாதைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்கு அனுபவப்பட்டுத்தான் தெரிந்தது. டர்பன் கடல்மட்டம், வழியில் வரும் வான் ரீனன் மலைக்கணவாய் கிட்டத்தட்ட 1,680 மீட்டர், ஜோபர்க் அதற்கும் மேலே. ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் பைக்குள் இருக்கும் காற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விரிகிறது. நான் கீழே பந்து மாதிரி இறுக்கிக் கட்டினேன், கணவாயைத் தாண்டி ஹாரிஸ்மித் ஊரில் இறங்கிப் பார்த்தபோது இரண்டு பை முடிச்சில் கசிந்துகொண்டிருந்தது. கட்டும்போது தளர்வாகவே கட்டுங்கள். வாளி மூடியிலும் ஓட்டை போடுங்கள்.

இங்கே வந்து சேர்ந்ததும் பை மீனுக்குச் செய்யவேண்டியது: மூடின பையோடு 20 நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, திறந்ததும் உடனே மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடவேண்டும். மூடின பையில் மீன் விட்ட மூச்சால் தண்ணீர் கொஞ்சம் அமிலமாக இருக்கும், அதனால்தான் மீன் கழிவில் வரும் அம்மோனியா விஷமாகாமல் கிடக்கும். திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்துகொண்டே உட்கார்ந்தால் அது மாறிவிடும்.

இன்னொன்று, இங்கே வரும் ராண்ட் வாட்டர் (குடிநீர் நிறுவனம்) தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரமின் உண்டு. வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள், அதற்கென்று இருக்கும் மருந்தைக் கலந்துதான் ஆகவேண்டும். ஃபில்டர் பஞ்சையும் வளையங்களையும் பழைய தொட்டித் தண்ணீரிலேயே ஈரமாக வைத்து, காற்றுப் புகும்படி மூடிக் கொண்டுவாருங்கள், குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். நல்ல பாக்டீரியா அதில்தான் இருக்கிறது, பழைய தண்ணீரில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த உயரத்தில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு என்பதால் ஏர் பம்பை நிறுத்தவே வேண்டாம்.

ஜூலையில் வருகிறீர்கள், கிளம்புமுன் பனி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் என்3 சாலையில் எத்தனையோ வண்டிகள் ராத்திரி முழுக்கப் பனியில் மாட்டிக்கொண்டதே, அப்படி ஒரு நாளில் மீனோடு மாட்டினால் தாங்காது.

கண்ணாடிக்கடை அண்ணா

கோவிந்தன் அண்ணா சொன்ன பயம் நியாயமானது. தம்பி, காலியாக்கின அன்றைக்கே மூலைகளை டார்ச் அடித்துப் பார். இரண்டு கண்ணாடிக்கு நடுவே இருக்கும் சிலிக்கானில் வெள்ளைப் பொட்டு, காற்றுக்குமிழ் பரவியிருந்தால் அது பிரிந்து வருகிறது என்று அர்த்தம். உள்பக்க ஓரப்பூச்சு மட்டும் உரிந்திருந்தால் அது சுரண்டிப் பூசினால் சரியாகிவிடும். பழைய சிலிக்கான்மேல் புதுசு ஒட்டாது, முழுக்கச் சுரண்டவேண்டும். பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சை பிடிக்காத வகையை வாங்கிவிடாதே, மீன் செத்துப்போகும்.

அங்கே போனதும் கராஜில், ரசமட்டம் வைத்துப் பார்த்த சமமான இடத்தில் கால் பாகம் நிரப்பு. சில மணி நேரம் கழித்துப் பாதி, அப்புறம் ராத்திரி அப்படியே விடு. மறுநாள் முழுசாக நிரப்பி இரண்டு நாள். மூலைகளில் காய்ந்த செய்தித்தாள் வை, கசிந்தால் தாள் சொல்லிவிடும். குளிரில் வந்த கண்ணாடியில் வெந்நீரை ஊற்றாதே.

சாட்ஸ்வர்த் பையன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது, அதனால்தான் எழுதத் தாமதம். மூடின லாரி, ஆறு பேர், பலகையோடு. கிளம்புமுன் பார்த்ததில் நடுச் சிலிக்கான் சுத்தமாக இருந்தது, ஒரு பக்க ஓரப்பூச்சு மட்டும் உரிந்திருந்தது, அதைச் சுரண்டிப் பூசி ஒரு வாரம் காயவிட்டோம். வழியில் டவுன் ஹில் மலைச்சாலையில் ஏறும்போதுதான் எனக்குக் கை நடுங்கியது. மீன்களை அக்கா வீட்டுத் தொட்டியில் விட்டிருக்கிறோம், அக்காவுக்குத் தனியாக நன்றி.

முந்தாநாள் முழுசாக நிரப்பினோம், தாள் இன்னும் காய்ந்தே இருக்கிறது. இன்று சாயங்காலம் இரண்டு நாள் முடிகிறது. அம்மா காலையிலேயே நாற்காலியை கராஜில் கொண்டுபோய்ப் போட்டு, வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார்.