புவிவெப்ப மின்சாரத் துறைக்குப் போக என்ன படிக்கலாம்?

கேள்வி (குடியாத்தம்):
வேலூரில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் தம்பி, பூமியின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் துறைக்கே போவேன் என்று உறுதியாக இருக்கிறான். நம் நாட்டில் அதற்கு வாய்ப்பு உண்டா ஐயா?

பதில் (காட்பாடி):
உண்டு, ஆனால் குறைவு. இத்தாலியின் லார்தரெல்லோவில் 1904-லேயே நிலத்தடி நீராவியால் மின்விளக்கு எரிந்தது. நம் நாட்டிலோ லடாக்கின் பூகா பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு 2021-இல்தான் எண்ணெய் எடுக்கும் அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் செய்தது. ஆகவே எண்ணெய்க் கிணறு தோண்டத் தெரிந்தவர்களுக்கே முதல் அழைப்பு வரும் என்பது என் கணிப்பு. தம்பி துளையிடும் பொறியியலில் மேற்படிப்பு படிப்பது நல்லது.

பதில் (ஆம்பூர்):
நம் பக்கத்துக் கருங்கல்லில் போர்வெல் போடும்போது, காற்றழுத்தத்தால் சுத்தியல் அடித்துக் கல்தூளை மேலே ஊதித் தள்ளுகிறார்கள். புவிவெப்பக் கிணற்றிலோ பெரும்பாலும் சேற்றுக் குழம்பைச் செலுத்தி, வெட்டுமுனையைக் குளிர்வித்தபடியே இறங்க வேண்டும். வெந்நீரில் கரைந்துள்ள சிலிக்கா, நீர் ஆறும்போது குழாயின் உட்சுவரில் படிந்து வழியையே அடைத்துவிடும். எனவே வேதியியலையும் விட்டுவிட வேண்டாம் என்று தம்பியிடம் அவசியம் சொல்லுங்கள்.

பதில் (ராணிப்பேட்டை):
ஐஸ்லாந்தில் 1979 முதல் நடந்துவரும் ஆறு மாதப் புவிவெப்பப் பயிற்சி மிகச் சிறந்தது. ஆனால் அது வளரும் நாடுகளில் இத்துறையில் ஏற்கெனவே பணியாற்றுபவர்களுக்கானது என்பதால், முதலில் தம்பி இத்துறையில் ஒரு வேலையில் சேர வேண்டும்.