மனாசே ராஜா: இரண்டு அதிகாரங்களையும் ஒரே நாளில் வாசிக்கலாமா?

தினவாசகி:
எங்கள் சபையின் தின வேதவாசிப்பில் இந்த வாரம் யூதாவை ஆண்ட மனாசே ராஜா. 2 இராஜாக்கள் 21, 2 நாளாகமம் 33 இரண்டையும் ஒரே நாளில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. இராஜாக்கள் புத்தகத்தில் மனாசே திருந்தவே இல்லை. 12 வயதில் ராஜாவாகி 55 வருஷம் ஆண்டான். தகப்பன் எசேக்கியா அழித்த பலியிடும் மேடைகளைத் திரும்பக் கட்டினான். ஆலயத்தின் இரண்டு பிராகாரங்களிலும் வானத்துச் சேனைகளுக்கு, அதாவது சூரியன், சந்திரன், நட்சத்திரங்களுக்கு, பலிபீடம் வைத்தான். பெற்ற மகனையே தீயில் கடக்கப்பண்ணினான். எருசலேம் முழுவதும் குற்றமில்லாதவர்களின் இரத்தம். இதை வாசித்த கையோடு நாளாகமத்தைத் திறந்தால், ‘கடைசியில் ஜெபம் செய்தானே’ என்று மனம் ஆறிவிடுகிறது. செத்தவர்களை அப்புறம் யார் நினைக்கிறார்கள்? அன்றைய வாசிப்பை 21-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

கீகோன்:
சகோதரி, நான் இதை ஏற்கவில்லை. நாளாகமம் யாருக்காக எழுதப்பட்டது? பாபிலோனிலிருந்து திரும்பி வந்து, இடிந்த ஊரைக் கட்டிக்கொண்டிருந்த ஜனங்களுக்காக. மனாசேயும் விலங்கோடு பாபிலோனுக்குப் போனான், அங்கே தன்னைத் தாழ்த்தினான், கர்த்தர் அவனை எருசலேமுக்குத் திரும்ப வரப்பண்ணினார். அதைக் கேட்டவர்களுக்கு அது தங்கள் கதையாகவே இருந்திருக்கும். என் அப்பா வயதான பிறகுதான் குடியை விட்டார். 33-ஆம் அதிகாரம் இல்லையென்றால் அவருக்காக ஜெபிக்கும் தைரியம் எனக்கு வந்திருக்காது. அந்த அதிகாரத்தை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்க எனக்கு மனமில்லை.

தினவாசகி:
உங்கள் அப்பாவுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன் அண்ணா. ஆனால் 2 இராஜாக்கள் 24:3, 4 வசனங்களைப் பாருங்கள். மனாசே சிந்திய இரத்தத்தைக் கர்த்தர் மன்னிக்க மனதாயிருக்கவில்லை, யூதாவின் அழிவு அதனால்தான் வந்தது என்று இருக்கிறது. எரேமியா 15:4-ம் அவன் பெயரைத்தான் சொல்கிறது. ஜெபம் கேட்கப்பட்டது என்று ஒரு புத்தகம், மன்னிப்பில்லை என்று இன்னொரு புத்தகம். ஒரே நாளில் வாசித்தால் இந்த முரண் நம்மைத் தொடுவதே இல்லை, இனிப்பான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம்.

இன்னொன்று. அந்நிய பலிபீடங்களை மனாசேயே நகரத்துக்கு வெளியே எறிந்துவிட்டான் என்கிறது நாளாகமம். ஆனால் 2 இராஜாக்கள் 23:12-இல், மனாசே பிராகாரங்களில் வைத்த பலிபீடங்களை யோசியாதான் இடிக்கிறான். எறிந்துவிட்ட பலிபீடம் பேரன் காலத்தில் எப்படி அங்கே நின்றது?

கீகோன்:
நடுவில் மனாசேயின் மகன் ஆமோன் இரண்டு வருஷம் ஆண்டானே! தகப்பன் செய்துவைத்த விக்கிரகங்களுக்கெல்லாம் அவன் பலியிட்டான் என்று 2 நாளாகமம் 33:22 சொல்கிறது. எறிந்ததை அவன் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கலாம். மன்னிப்பு மனாசே என்ற ஆளுக்கு, தண்டனை தேசத்துக்கு. இதில் எனக்கு முரண் தெரியவில்லை.

எழுத்தாணி:
சரித்திரப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. அசீரிய ராஜா எசரத்தோனின் கல்வெட்டில், நினிவே அரண்மனைக்குக் கட்டடப் பொருள் அனுப்பிய 22 ராஜாக்களில் ஒருவனாக மனாசே பெயர் வருகிறது. எசரத்தோனின் மகன் அசூர்பானிபாலின் எகிப்துப் படையெடுப்புப் பட்டியலிலும் வருகிறது. இரண்டிலும் மனாசே கப்பம் கட்டும் அடங்கிய சிற்றரசன். சிறைப்பிடித்ததாக அந்தப் பதிவுகளில் இல்லை. ஆனால் கி.மு. 652 முதல் 648 வரை அசூர்பானிபாலுக்கு எதிராக அவனுடைய சகோதரனே பாபிலோனில் கலகம் செய்தான். சந்தேகத்துக்குள்ளான ஒரு சிற்றரசனை அந்தச் சமயத்தில் அங்கே இழுத்துப்போயிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனவே நாளாகமத்தை ஆறுதலுக்காகக் கட்டிய கதை என்று லேசாகத் தள்ளிவிட முடியாது.

தினவாசகி:
நான் கதை என்று சொல்லவில்லை ஐயா. நடந்திருக்கலாம். என் கேள்வி வாசிக்கிறவரைப் பற்றியது. கீகோன் அண்ணா சொன்ன ‘தேசத்துக்குத் தண்டனை’ என்பது யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். மனாசே தன் வீட்டுத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டான். முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பிய யோசியா கி.மு. 609-இல் மெகிதோவில் எகிப்தின் பார்வோன் நேகோவின் கையால் விழுந்தான். அப்போது அவனுக்கு 39 வயதுதான்.

கீகோன்:
அதற்கும் நாளாகமத்தில் பதில் இருக்கிறது. நேகோ வாயிலாக வந்த தேவ வார்த்தையை யோசியா கேட்கவில்லை, 35:22.

தினவாசகி:
இதைத்தான் நான் சொல்கிறேன். இராஜாக்கள் புத்தகம் யோசியா ஏன் செத்தான் என்று ஒரு காரணமும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. நாம் உடனே பக்கத்துப் புத்தகத்தைத் திறந்து காரணம் தேடுகிறோம். குறைந்தது ஒரு ராத்திரியாவது காரணம் தெரியாமல் அவனுக்காக நாம் துக்கப்படலாமே. அட்டவணை எதைச் சொன்னாலும், யோசியா பாகம் வரும்போது நான் 2 இராஜாக்கள் 23-ஐ மட்டும்தான் வாசிக்கப்போகிறேன். நாளாகமம் மறுநாள்.

கீகோன்:
வாசியுங்கள் சகோதரி. நான் இரண்டையும் சேர்த்தே வாசிப்பேன்.