டென்னிஸ்ல ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்க அடி) வெளியே போகுது, அவசரம், யாராவது சொல்லுங்க

காசிமேட்டான்:
சனிக்கிழமை மேட்ச். கோச் "உடம்பைத் திருப்பு, திருப்பு"ன்னு கத்துறார். திருப்பித்தான் அடிக்கிறேன். பந்து வலது பக்கம் கோட்டுக்கு வெளியே பறக்குது. வேகமும் இல்ல. ரெண்டு வாரமா முழங்கை வேற வலி. என்ன தப்பு?

வண்ணை_வாசி:
வலது கையா, இடது கையா? எந்த கிரிப், ராக்கெட்டை எப்படிப் பிடிக்கிறீங்க? வீடியோ இருக்கா?

எண்ணூர்_அக்கா:
வலி முழங்கைக்கு வெளிப்பக்கமா, உள்பக்கமா தம்பி? ராக்கெட்ல என்ன ஸ்ட்ரிங் (நரம்பு)? பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கை இறுக்கமா போட்டுதான் எனக்கு வலி வந்துச்சு.

ராயபுரம்_45:
சாயங்காலம் ஆடுறீங்களா? கடல்காத்துதான் காரணம். வடக்குப் பக்கம் நின்னு தெற்கே அடிச்சா, கிழக்குக் காத்து பந்தை உங்க வலது பக்கம் தள்ளும். சைடு மாத்தி ஆடிப் பாருங்க, இடது பக்கம் போகும்.

பழைய_ராக்கெட்:
இதைப் போன வருஷமே விளக்கமா எழுதியிருக்கேன். தேடிப் படிக்கிற பழக்கம் இங்க ஒருத்தருக்கும் இல்ல. வேகம் தரையிலேருந்து வருது: கால், இடுப்பு, தோள், கடைசியிலதான் கை. இந்த அடிப்படையே தெரியாம மேட்சுக்குப் பேர் கொடுக்கிறாங்க.

வியாசை_பாக்ஸர்:
பாக்ஸிங்ல ரைட் கிராஸ், அதாவது பின்கையால நேரா விடுற குத்து மாதிரிதான் தம்பி. பின்கால் குதிகாலைத் தூக்கித் திருப்பு, இடுப்பு தானா வரும்.

பழைய_ராக்கெட்:
குத்து நேரா போகுது. ராக்கெட் கீழேருந்து மேலே துடைச்சுட்டுப் போகணும், அப்பதான் பந்து முன்பக்கமா சுழலும், அதான் டாப்ஸ்பின். ரெண்டும் ஒண்ணா?

வியாசை_பாக்ஸர்:
அப்ப ஹுக், பக்கவாட்டுக் குத்து? முழங்கை மடங்கி உடம்போட சேர்ந்துதானே வருது. ஜோகோவிச் ஃபோர்ஹேண்டைப் பாருங்க, கை மடங்கியேதான் இருக்கும்.

வண்ணை_வாசி:
ஃபெடரரும் நடாலும் கையை நீட்டித்தானே அடிச்சாங்க?

எண்ணூர்_அக்கா:
மடக்குறதும் நீட்டுறதும் அப்புறம். மூணு பேருமே பந்தை உடம்புக்கு முன்னாலதான் தொடுறாங்க. வலது கைக்காரருக்குப் பந்து வலது பக்கம் போச்சுன்னா பெரும்பாலும் லேட்டா தொடுறார்னு அர்த்தம். உடம்பு முதல்லயே சுத்தி முடிச்சுடுது. கை பின்னாலயே தங்கிப்போய், அப்புறம் தனியா இழுத்துக்கிட்டு வருது. வேகமும் அங்கதான் வீணாப் போகுது.

தம்பி, இடது கையைக் கவனிங்க. எதிராளி அடிச்ச உடனே, இடது கையால ராக்கெட் கழுத்தைப் பிடிச்சபடியே தோளைத் திருப்புங்க. முகவாய் இடது தோளுக்கு மேல வர்ற வரைக்கும் விடாதீங்க. விட்டப்புறமும் அந்தக் கை தொங்கக் கூடாது. பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்து நீண்டிருக்கணும், அடிக்கிறப்ப நெஞ்சுக்கிட்ட மடங்கணும். நெஞ்சு சீக்கிரமா முன்னால திரும்பிடாம அதுதான் பிடிச்சு நிறுத்தும். எனக்கு இது பிடிபட ஆறு மாசம் ஆச்சு. சுவத்துல அடிச்சுப் பழகுங்க, மெதுவா.

காசிமேட்டான்:
வலது கை. செமி வெஸ்டர்ன் கிரிப். ரெண்டு சைடுலயும் வலது பக்கம்தான் போகுது, காத்து இல்ல. வலி வெளிப்பக்கம். போன்ல எடுத்துப் பார்த்தேன் அக்கா, பந்து வலையைத் தாண்டும்போதே என் இடது கை தொடைகிட்ட தொங்குது. இன்னிக்குக் காலையில சுவத்துல அடிச்சேன், சத்தமே வேற. சனிக்கிழமை ஆடலை. நன்றி.

வியாசை_பாக்ஸர்:
குதிகால்?

எண்ணூர்_அக்கா:
ஆடாதது நல்லது. ஆனா வெளிப்பக்க வலிக்கு ஃபோர்ஹேண்டை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. பேக்ஹேண்ட் (புறங்கைப் பக்க அடி) ஒரு கையிலயா அடிக்கிறீங்க? அதையும் ஒரு தடவை வீடியோ எடுங்க. ராக்கெட்டை இறுக்கிப் பிடிக்கிறீங்களா? பிசியோகிட்ட காட்டினீங்களா?