அவசரம்: ஹோலோடைப் சிஸ்ட் ஸ்லைடில் காணவில்லை

காரைக்களி:
டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச்செல் மிதவை உயிரியின் புதைபடிவ உறைக்கூட்டை (சிஸ்ட்) புதிய சிற்றினமாக விவரித்துக் கட்டுரை அனுப்பியிருந்தேன். ஆர்க்கியோபைல் (உள்ளிருந்த செல் வெளியேறிய துளை) தெளிவாகத் தெரிகிற படம் வேண்டும் என்று மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார். புதிய படம் எடுக்க உட்கார்ந்தால், ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான ஒரே மாதிரி) இருந்த இடத்தில் கரித்துகள்தான் கிடக்கிறது. இங்கிலாந்து ஃபைண்டர் (ஸ்லைடில் இடம் குறிக்க உதவும் கட்டமிட்ட கண்ணாடி) எண்ணைக் குறித்துதான் வைத்திருந்தேன். மூன்று நாளாகத் தேடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். வழி சொல்லுங்கள்.

செம்மண்:
எந்தப் பேரினம்? எந்தப் பாறை? மொத்தம் எத்தனை மாதிரிகள்? ஸ்லைடை எதில் பதித்தீர்கள்? இவற்றைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் எதை வைத்து யோசிப்பது?

பாறைத்தூள்:
நைட்ரிக் அமிலத்தில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? ஆக்சிகரணம் மிஞ்சினால் சிஸ்ட் வெளுத்து, கண்ணாடி போல ஆகிவிடும். காணாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

காரைக்களி:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். பெரம்பலூர் பக்கம் காரை உருவாக்கத்துக் களிப்பாறை, செனோமேனியன் காலம் (கிரெட்டேசியஸின் ஒரு பகுதி). பேரினம் ஸ்பினிஃபெரைட்டஸ். முட்கள் மிகவும் குட்டை. 11 மாதிரிகள், சிதையாமல் இருப்பது இது ஒன்றுதான். கிளிசரின் ஜெல்லி. நைட்ரிக் அமிலம் சேர்க்கவே இல்லை. ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோஃபுளோரிக் மட்டும்.

பாறைத்தூள்:
சேர்க்கவில்லை என்றாலும், காரையில் மேற்பரப்பில் எடுத்த மாதிரி என்றால் வெயிலும் மழையுமே ஆக்சிகரணம் செய்திருக்கும்.

செம்மண்:
அப்படி நடந்தால் முதலில் அழிவது புரோட்டோபெரிடினியம் வகைச் சிஸ்ட்கள். ஸ்பினிஃபெரைட்டஸ் சேரும் கோன்யாலக்ஸ் வகை தாங்கும். மேலும், பாறையில் நடந்தது ஸ்லைடில் பார்த்த சிஸ்ட்டை எப்படி மறைக்கும்?

கவர்ஸ்லிப்:
ஜெல்லிதான் காரணம். விளிம்பை நகப்பூச்சால் அடைத்தீர்களா? அடைக்காத ஸ்லைடு வெயில் காலத்தில் இளகும், சிஸ்ட் நகரும். பழைய இடத்தைச் சுற்றி வரிவரியாகத் தேடுங்கள்.

பழையகண்ணாடி:
தம்பி, ஒரே ஒரு நல்ல மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு சிற்றினம் எழுதக் கிளம்புவது இந்தக் காலத்து வழக்கம். நாங்கள் நூறு சிஸ்ட் அளக்காமல் பெயரைப் பற்றி வாயே திறக்க மாட்டோம். லத்தீன் விவரணை எழுதினீர்களா? அது இல்லாமல் பெயர் செல்லாது. 1961இல் எவிட் என்ற ஆய்வாளர் ஹிஸ்ட்ரிகோஸ்ஃபியர் என்ற முள் உருண்டைப் புதைபடிவங்களை டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்ட்கள் என்று நிறுவியது ஆர்க்கியோபைலை வைத்துத்தான். அதைப் பார்க்காமலேயா ஸ்பினிஃபெரைட்டஸ் என்று முடிவு செய்தீர்கள்?

செம்மண்:
ஐயா, புதைபடிவங்களுக்கு 1996 முதல் லத்தீனோ ஆங்கிலமோ ஏதாவது ஒன்று போதும். 2001 முதல் கட்டாயமானது வேறு: வெளியிடும் படங்களில் எது ஹோலோடைப் என்று காட்ட வேண்டும். அது எந்த நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது என்பதை 1990 முதலே எழுத வேண்டும். அவர் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது.

பழையகண்ணாடி:
லத்தீன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. முள் விஷயத்தில் விட மாட்டேன். இன்றும் வாழும் லிங்குலோடினியம் என்ற பேரினத்தைப் பாருங்கள். கருங்கடல், பால்டிக் போன்ற உப்பு குறைந்த நீரில் அதன் முட்கள் குட்டையாகின்றன. ஆய்வக வளர்ப்பில் முள் வளர்ச்சி பாதியில் நின்ற கூடுகளும் கிடைத்திருக்கின்றன. குட்டை முள் என்பது நீரின் அடையாளமாக இருக்கலாம். இனத்தின் அடையாளம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

செம்மண்:
அது லிங்குலோடினியம். செனோமேனியன் ஸ்பினிஃபெரைட்டஸுக்கு அப்படியே பொருத்த முடியாது. முள் நுனி எப்படிப் பிரிகிறது, தட்டு எல்லைகளில் மடிப்பு எவ்வளவு உயரம், சுவரின் மேற்பரப்பு எப்படி, இவையெல்லாம் சேர்ந்து வேறாக இருந்தால்?

பழையகண்ணாடி:
சேர்ந்து வேறாக இருந்தால் ஏற்பேன். அவர் சொன்னது நீளத்தை மட்டும்தானே.

கடல்தூசி:
இழை எங்கோ போய்விட்டது. காரைக்களி, ஒரே ஒரு கேள்வி: எண்ணைக் குறித்த நுண்ணோக்கியும் இப்போது பார்க்கிற நுண்ணோக்கியும் ஒன்றுதானா? எண் குறித்த அன்று லேபிள் இடப்பக்கம் இருந்ததா, வலப்பக்கமா? ஃபைண்டர் எண் ஸ்லைடு வைத்த திசையைப் பொறுத்தது. திசை மாறினால் அதே எண் வேறு மூலைக்குக் கொண்டுபோகும். எனக்கு இதில் ஒரு வாரம் வீணாயிற்று. ஸ்லைடை 180 பாகை திருப்பி அதே எண்ணில் பாருங்கள்.

கவர்ஸ்லிப்:
ஜெல்லி நகர்வதையும் ஒதுக்கிவிடாதீர்கள். என் அனுபவத்தில் அதுதான் அதிகம்.

காரைக்களி:
கிடைத்துவிட்டது! வேறு ஆய்வகத்து நுண்ணோக்கியில் லேபிளை வலப்பக்கம் வைத்து எண் குறித்திருந்தேன். திருப்பி வைத்ததும் அதே கட்டத்தில், கரித்துகளை ஒட்டி, இளமஞ்சளாக இருந்தது. வயிற்றுப் பக்கம் மேலே பார்த்தபடி படுத்திருக்கிறது. குவியத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். முட்கள் மங்கி, எதிர்ச்சுவர் தெளிவாகும்போது முதுகுப் பக்கத்தில் ஒரு தட்டு அளவுக்குத் துளை, ஓரம் கூர்மையாக. மூன்றாம் முன்வளையத் தட்டு (இடுப்புப் பள்ளத்துக்கு மேல்வரிசையில் மூன்றாவது) விழுந்த இடம், அதுதான் ஆர்க்கியோபைல். முன்பு மேல் குவியத்தில் மட்டும் படம் எடுத்திருக்கிறேன். கடல்தூசி அவர்களுக்கு மிக்க நன்றி. படம் எடுக்கப் போகிறேன்.

கடல்தூசி:
மகிழ்ச்சி. லேபிள் எந்தப் பக்கம் என்பதையும் கட்டுரையில் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். கீழ்க்குவியப் படம் என்றும் படக்குறிப்பில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வலமும் இடமும் மாறிவிட்டதாகப் படிப்பவர் குழம்புவார்.

செம்மண்:
சிற்றினத்துக்கு ஊர்ப்பெயரை வைப்பதாக இருந்தால், லத்தீன் இலக்கணப்படி ஸ்பினிஃபெரைட்டஸ் ஆண்பால். 'என்சிஸ்' என்று முடிய வேண்டும், 'என்சே' அல்ல.

பழையகண்ணாடி:
தம்பி, மற்றப் பத்துச் சிஸ்ட்களிலும் முள் நீளத்தையும் உடல் விட்டத்தையும் அளந்து இங்கே போடுங்கள். சிதைந்தவையானாலும் பரவாயில்லை. முள் நுனியின் படம் இருந்தால் அதையும். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

செம்மண்:
நானும். காரைக்களி, இருக்கிறீர்களா?